தோண்டும் முறைகளும் தொழிலாளர் பாதுகாப்பும்

வளர்ச்சிப் பணி எதுவாயினும் அதன் முதல் வேலை மண்ணைத் தோண்டுவதே ஆகும். அணையும் பாலமும், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் ஒரு பள்ளத்திலிருந்தே எழுகின்றன. பணி முடிந்ததும் திறப்பு விழா நடைபெறுகிறது, கல்வெட்டுப் பதிக்கப்படுகிறது. அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளமோ மூடப்பட்டுக் கண்ணிலிருந்து மறைகிறது. அத்துடன் கருத்திலிருந்தும் மறைந்துவிடுகிறது. மண்வெட்டியும் கூடையும் இருந்தால் போதாதா, தோண்டுவதில் என்ன நுட்பம் இருக்கிறது என்று எண்ணுவோர் இன்றும் உளர்.

தோண்டுதல் ஒரே வேலையன்று. மண்ணுக்கு ஒரு முறை, மணலுக்கு ஒரு முறை, பாறைக்கு ஒரு முறை, நிலத்தடிப் பாதைக்கு வேறொரு முறை என அது பலவகைப்படும். இம்முறைகள் கருவியாலும் வேகத்தாலும் செலவாலும் வேறுபடுகின்றன. ஆயினும் அவை யாவற்றுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: உள்ளிருக்கும் மண்ணை எடுத்த பின்னர், பக்கத்தில் நிற்கும் மண்ணைத் தாங்கப்போவது எது? இக்கேள்விக்கு விடை வைத்திருக்கும் முறையே முறை. விடையில்லாமல் தோண்டப்படும் பள்ளம், தோண்டுகிறவருக்கே குழியாக மாறக்கூடும்.

தாபோடியில் நேர்ந்தது

மகாராஷ்டிரத்தில் புனே நகரை ஒட்டி, பவனா ஆறு முளா ஆற்றுடன் கலக்கும் பகுதியில் அமைந்திருப்பது தாபோடி. தோண்டும் கலையோடு இவ்வூருக்கு நெருங்கிய உறவு உண்டு. 1943ல் ரூர்க்கியில் தொடங்கப்பட்ட இராணுவப் பொறியியல் பள்ளி, 1948ல் தாபோடிக்கு வந்து, பின்னர் இராணுவப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. மும்பை - புனே இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. புனே மெட்ரோ இரயிலின் உயர்மட்டப் பாதையும் இங்கே தூண்களின் மீது ஓடுகிறது. மலையைக் குடைந்து வந்த பாதை ஒன்று. நிலத்தில் ஆழத் துளையிட்டு எழுந்த பாதை மற்றொன்று.

இத்தகைய ஊரில்தான் 2019 டிசம்பர் முதல் நாளன்று துயர நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தோண்டப்பட்ட ஆழமான பள்ளத்தில் தொழிலாளர் ஒருவர் சிக்கிக்கொண்டார். அவரை மீட்கத் தீயணைப்புப் படையினர் இறங்கினர். மீட்பு நடந்துகொண்டிருந்தபோதே பக்கத்து மண் சரிந்தது. தொழிலாளரும், அவரைக் காக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவரும் உயிரிழந்தனர்.

சுரங்கத்திலோ பெரிய அணைக்கட்டிலோ நேர்ந்த விபத்து அன்று இது. எல்லா நகரங்களிலும், எல்லாத் தெருக்களிலும் ஆண்டு முழுவதும் தோண்டப்படும் சாதாரணக் குழாய்ப் பள்ளத்தில் நேர்ந்தது. தோண்டும் முறைகளைப் பற்றிய எந்த விளக்கமும் இந்தச் சாதாரணப் பள்ளத்தை மறந்துவிட்டு முழுமை பெறாது.

மண்ணின் இனங்கள்

தோண்டுமுன் அறிய வேண்டியது மண்ணின் இயல்பு. புனே வட்டாரத்தின் அடித்தளம் தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை. அதன் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் சிதைந்து, மராத்தியில் முரூம் எனப்படும் சரளை மண்ணாகியிருக்கிறது. அதற்கும் மேலே பல இடங்களில் கரிசல் மண் படிந்துள்ளது. ஆற்றங்கரைகளில் வண்டலும் உண்டு. நகரம் பெருகிய இடங்களில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் கொட்டி நிரப்பிய மண்ணும் இருக்கும்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து உழவர்கள் கரிசலின் குணத்தை நன்கறிவர். ஈரம் பட்டால் அது உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். உழவுக்கு உகந்த இக்குணமே பள்ளம் தோண்டுகிறவருக்குப் பகையாகிறது. வெட்டிய சுவர் முதலில் செங்குத்தாக, உறுதியாக நிற்பதுபோல் தோன்றும். உள்ளே ஓடும் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மணி நேரம் நின்ற சுவர் அடுத்த மணி நேரமும் நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பொதுப்பணித் துறையினர் தோண்டும் வேலையைச் சாதாரண மண், கடின மண், சேறு, சாதாரணப் பாறை, வெடிவைத்துத் தகர்க்க வேண்டிய கடும்பாறை, வெடி வைக்கக் கூடாத இடத்துக் கடும்பாறை எனப் பிரிப்பது வழக்கம். கூலி கணக்கிடுவதற்காக ஏற்பட்ட பிரிவு இது. மண்வெட்டிக்கு இணங்கும் மண்ணுக்குக் குறைந்த விகிதம். கடப்பாரையும் குந்தாலியும் வேண்டிய மண்ணுக்கு அதனினும் கூடுதல். உளியும் வெடியும் வேண்டிய பாறைக்கு மிகுதி. உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற அளவில் இது நியாயமானதே.

ஆனால் ஆபத்தின் அளவுகோல் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. எளிதில் தோண்டக்கூடிய மண்ணே எளிதில் சரியக்கூடிய மண். நல்ல பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். இளகிய மண்ணுக்கு அந்த ஆற்றல் இல்லை. கூலிக் கணக்கில் மலிவான வேலை, உயிர்க் கணக்கில் விலை மிகுந்ததாகிவிடுகிறது.

அகலமும் ஆழமும்

தோண்டும் இடத்தின் வடிவத்தைக் கொண்டும் வகைகள் பிரிக்கப்படுகின்றன. மேல் மண்ணை மட்டும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் வழித்தெடுப்பது மேற்பரப்புத் தோண்டல். 1.5 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும், 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பும், 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்டது பரப்புத் தோண்டல். பெரிய கட்டடங்களின் நிலவறைகளும் நீர்த்தேக்கத் தொட்டிகளும் இவ்வகையின. 1.5 மீட்டர் அகலத்துக்கு மிகாமல், எவ்வளவு ஆழமாயினும் நீளவாக்கில் வெட்டப்படுவது பள்ளம் அல்லது வாய்க்கால் தோண்டல். சுவர் அடித்தளத்துக்கும் குழாய்க்கும் தோண்டப்படுபவை இவையே.

பரப்புத் தோண்டலில் ஆள் ஓடித் தப்ப இடமுண்டு. குறுகிய பள்ளத்தில் அதற்கு இடமில்லை. இரு பக்கமும் சுவர். முன்னும் பின்னும் குழாய். மேலே ஏற ஏணி இல்லாவிடில் வழியே இல்லை.

கருவிகளும் மாறிவிட்டன. ஒரு காலத்தில் ஆட்கள் பலர் பல நாள் தோண்டிய பள்ளத்தைப் பொக்லைன் இயந்திரம் சில மணி நேரத்தில் தோண்டிவிடுகிறது. கையால் தோண்டும் காலத்தில், ஆழம் மெல்ல மெல்லக் கூடியதால் மண்ணின் போக்கைக் கவனித்து முட்டுக் கொடுக்க அவகாசம் இருந்தது. இயந்திரம் நான்கு மீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் திறந்துவிடுகிறது. ஆனால் குழாயை இணைக்கவும் மட்டம் பார்க்கவும் மனிதர்தாம் இன்னும் உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. வேகம் பெருகிய அளவுக்குக் காப்பு பெருகவில்லை என்பதே இன்றைய குறை.

உறைகிணறு தரும் பாடம்

பக்கத்து மண்ணைத் தாங்குவது எது என்ற கேள்வி புதியதன்று. தமிழ் மக்கள் அதற்குப் பண்டைக் காலத்திலேயே விடை கண்டனர். மணற்பாங்கான நிலத்தில் கிணறு தோண்டினால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைகிணறு அமைத்தனர். கீழடி அகழாய்வில் இத்தகைய உறைகிணறுகள் வெளிப்பட்டுள்ளன.

ஆற்றுப் பாலங்களுக்குக் கிணற்று அடித்தளம் இறக்கும் முறையும் இவ்வுறையை நினைவூட்டுவதே. கான்கிரீட்டினால் ஆன பெரிய வளையத்தை ஆற்றுப் படுகையில் நிறுத்தி, அதன் உட்புற மண்ணை எடுக்க எடுக்க, வளையம் தன் எடையால் கீழிறங்குகிறது. மேலே மேலே சுவர் கட்டப்படுகிறது. கீழே கீழே மண் எடுக்கப்படுகிறது. சுவர் எப்போதும் உடன் வருகிறது.

மெட்ரோ இரயிலின் உயர்மட்டப் பாதை போன்றவற்றுக்கு இயந்திரத்தால் துளையிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பும் தூண் அடித்தளம் பெரிதும் பயன்படுகிறது. இளகிய மண்ணில் இத்துளை இடிந்து விழாதிருக்க இரும்புக் குழலை இறக்குவர். அல்லது பென்டோனைட் என்னும் களிமண் குழம்பை நிரப்பி வைப்பர். அக்குழம்பின் அழுத்தமே துளையின் சுவரைத் தாங்குகிறது. நெரிசலான நகரங்களில் ஆழமான நிலவறை கட்டும்போது, சுற்றிலும் கான்கிரீட் சுவரை முதலில் மண்ணுக்குள் இறக்கிய பின்னரே உள்ளே தோண்டத் தொடங்குகின்றனர். முதலில் சுவர், பிறகு பள்ளம் என்பதே இவற்றின் இலக்கணம்.

பாறையைப் பிளத்தல்

பாறையில் கேள்வி வேறுவிதமாக எழுகிறது. தாங்குவதைக் காட்டிலும் உடைப்பதே அங்குக் கடினம். தாபோடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை மேற்குத் தொடர்ச்சி மலையைப் போர் கணவாயில் கடக்கிறது. 1856ல் தொடங்கி 1863ல் திறக்கப்பட்ட அம்மலைப் பாதைக்கு 25 குகைப் பாதைகள் குடையப்பட்டன. டைனமைட் 1867ல்தான் காப்புரிமை பெற்றது. ஆகவே அந்தக் கரும்பாறை முழுவதும் கையால் துளையிட்டு, கருமருந்து கிட்டித்துப் பிளக்கப்பட்டதே. விபத்தாலும் நோயாலும் அங்கு மடிந்த தொழிலாளர் ஏராளம்.

இன்று பாறையில் இயந்திரத் துளைப்பானால் துளையிட்டு, அளவறிந்து வெடிமருந்து வைத்து, நொடியின் சிறு பின்ன இடைவெளிகளில் வரிசையாக வெடிக்கச் செய்கின்றனர். உரிமம் பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே இவ்வேலை நடைபெற வேண்டும். வீடுகள் நெருங்கிய இடங்களில் வெடி வைக்க இயலாது. அங்கே உடைப்பு இயந்திரத்தால் இடித்தெடுப்பர். அல்லது துளைகளில் விரியும் தன்மையுள்ள சுண்ணக் கலவையை ஊற்றி ஓசையின்றிப் பாறையைப் பிளப்பர். பாறையாயினும் அதன் பொருத்துகள் சாய்ந்திருக்கும் திசையைப் பாராமல் வெட்டினால், பாளமாக நழுவி விழும் ஆபத்து உண்டு.

நிலத்தை மேலே திறவாமல்

புனே மெட்ரோவில் பிம்ப்ரி - சிஞ்ச்வடிலிருந்து தாபோடி வழியாக வரும் பாதை, சிவாஜி நகரை அடையும்போது நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. பழைய நகரின் நெருக்கமான தெருக்களுக்குக் கீழே, வட்டத் தலை கொண்ட குடையும் இயந்திரங்கள் இப்பாதையை அமைத்தன. அவற்றுக்கு முத்தா, முளா, பவனா என அவ்வூர் ஆறுகளின் பெயர்களையே சூட்டினர். ஸ்வார்கேட் வரையிலான பகுதி 2024 செப்டம்பர் 29ல் திறக்கப்பட்டது.

இவ்வியந்திரத்தின் வெட்டும் தலைக்குப் பின்னே உருக்குக் கவசம் இருக்கிறது. ஆட்கள் அக்கவசத்தின் காப்பில் நின்று, கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்துகின்றனர். அவ்வளையத்தை உதைத்துக்கொண்டே இயந்திரம் அடுத்த அடியை எடுத்து வைக்கிறது. படுக்க வைத்த உறைகிணறு என்று இதனைக் கூறலாம். தாங்கும் சுவர் இல்லாத ஒரு மீட்டர்கூட இதில் மனிதருக்குத் திறந்து விடப்படுவதில்லை.

இயந்திரம் எல்லாவற்றையும் வென்றுவிடும் என்பதும் தவறு. உத்தரகண்டில் சில்க்யாரா குகைப் பாதை 2023 நவம்பர் 12ல் இடிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். இடிபாட்டின் ஊடே குழாய் செலுத்தி வந்த துளைப்பு இயந்திரம் இறுதிக் கட்டத்தில் உடைந்துபோயிற்று. எஞ்சிய சில மீட்டர்களைக் கைக்கருவிகளால் குடைந்து வழி திறந்தவர்கள் எலிவளைச் சுரங்க வேலையில் பழகிய தொழிலாளர்களே. 17ஆம் நாள் 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர். அவர்களும் வெறும் மண்ணில் குடையவில்லை. உருக்குக் குழாய்க்குள்ளிருந்து தோண்டினர். தோண்டத் தோண்டக் குழாய் முன்னே தள்ளப்பட்டது.

பள்ளம் சரிவது ஏன்?

பெரிய பணிகள் யாவும் பக்கச் சுவரைப் பற்றி இவ்வளவு கவலை கொள்ளும்போது, சிறிய குழாய்ப் பள்ளம் மட்டும் வெறும் மண் சுவர்களோடு விடப்படுவதைக் காண்கிறோம். இரண்டு மூன்று நாளில் மூடப்போகும் பள்ளம்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. மூன்று மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தின் சுவரில் ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் கனமும் கொண்ட பகுதி மட்டும் பெயர்ந்தாலும் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட சுமை விழுகிறது. மார்பளவு புதைந்தவர்கூட மூச்சுவிட இயலாமல் உயிரிழக்கலாம். தலை மூடப்பட வேண்டுமென்பதில்லை.

சரிவைத் தூண்டும் காரணங்கள் பல. எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவிப்பது முதலாவது. தோண்டிய மண் இளகிப் பெருகுவதால் அக்குவியல் விரைவில் உயர்ந்து சுவரை அழுத்தும். அருகில் நிற்கும் இயந்திரமும் ஓடும் வண்டிகளும் அதிர்வைத் தருகின்றன. மழை நீரோ பழைய குழாயின் கசிவோ மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. முன்பே ஒருமுறை தோண்டி மூடிய இடமானால், மண் தன் இயற்கை இறுக்கத்தை இழந்திருக்கும். அடியில் குடைந்து மேல் மண்ணை விழச் செய்யும் வழக்கமோ தற்கொலைக்கு ஒப்பானது.

காக்கும் முறைகள் நான்கு

முதல் முறை, பக்கங்களைச் சரிவாக வெட்டுதல். மண் எவ்வளவு இளகியதோ அவ்வளவு படுத்த சரிவு வேண்டும். அமெரிக்காவில் 1989ல் திருத்தப்பட்ட விதிகள் மண்ணை மூன்று வகையாக்கி, கிடைமட்டத்திலிருந்து 53, 45, 34 பாகை என உச்சச் சரிவுகளை வரையறுத்துள்ளன. இரண்டாம் முறை, படிப்படியாக வெட்டுதல். இவ்விரண்டுக்கும் இடம் மிகுதியாக வேண்டும்.

இடமில்லாத தெருக்களுக்கு உரியது மூன்றாம் முறை, முட்டுக் கொடுத்தல். சுவரோடு பலகைகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீளச் சட்டங்களை வைத்து, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே குறுக்கு முட்டுகளை இறுக்க வேண்டும். இளகிய மண்ணில் பலகைகளை இடைவெளியின்றி நெருக்கமாகவும், ஓரளவு உறுதியான மண்ணில் இடைவெளி விட்டும் அமைக்கலாம். பிரிக்கும்போது கீழிருந்து மேலாகப் பிரித்து, உடனுக்குடன் மண்ணை நிரப்பி வர வேண்டும். நான்காம் முறை, உருக்குத் தகடுகளால் ஆன பெட்டியைப் பள்ளத்துக்குள் இறக்கி, அதனுள் நின்று வேலை செய்தல். வேலை நகர நகரப் பெட்டியையும் இயந்திரத்தால் இழுத்துச் செல்லலாம்.

விதிகள் இல்லாமல் இல்லை. தோண்டும் பணியின் பாதுகாப்புக்கென்றே இந்தியத் தர விதித் தொகுப்பு ஒன்று உண்டு. அது 1992ல் திருத்தப்பட்டது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளும் தெளிவானவை. 1.2 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பள்ளத்தில் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஏணியாவது இருக்க வேண்டும். ஏணி தரைமட்டத்துக்கு மேலும் உயர்ந்திருக்க வேண்டும். 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமானால் பக்கங்களைச் சரிவாக்கவோ முட்டுக் கொடுக்கவோ வேண்டும். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றுள் எது கூடுதலோ அத்தொலைவுக்கு அப்பால் கொட்ட வேண்டும். மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலனுக்காக 1996ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 1998ல் வகுத்த மத்திய விதிகளிலும் தோண்டும் பணிக்கெனத் தனி அத்தியாயம் இடம்பெற்றது. அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுள்ளது.

மீட்பதும் ஒரு தோண்டும் முறையே

ஒருவர் புதையுண்டதைக் கண்டதும் ஓடிச்சென்று இறங்குவது மனித இயல்பு. அந்த இரக்கமே இன்னோர் உயிரைப் பலிகொள்வதுண்டு. ஒருமுறை சரிந்த சுவரின் எஞ்சிய பகுதி முன்னைவிடத் தளர்ந்து நிற்கிறது. மீட்க வந்தோரும் வேடிக்கை பார்ப்போரும் விளிம்பில் கூடும்போது சுமை ஏறுகிறது.

எனவே முதற்பணி கூட்டத்தை விலக்குவது. அடுத்து, அருகிலுள்ள இயந்திரங்களின் அதிர்வை நிறுத்துவது. பின்னர், சிதையாத பகுதியிலிருந்து தொடங்கி முட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னேறுவது. புதைந்தவருக்கு அருகில் இயந்திர வாளியைப் பயன்படுத்தலாகாது. சிறு கருவியாலும் கையாலுமே மண்ணை அகற்ற வேண்டும். கழிவுநீர்ப் பள்ளமானால் நச்சு வாயு உண்டா என்று சோதிப்பதும் இன்றியமையாதது. இதற்குரிய பலகைகளும் முட்டுகளும் பயிற்சியும் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்துக்கும் கிடைக்குமாறு செய்வது நகராட்சிகளின் கடமை. தாபோடியில் தம் உயிரை ஈந்த வீரருக்குச் செலுத்தக்கூடிய உரிய மரியாதையும் அதுவே.

கணக்கில் ஏற வேண்டிய செலவு

விதி இருந்தும் முட்டு ஏன் வைக்கப்படுவதில்லை? ஒப்பந்தத்தில் தோண்டிய மண்ணுக்குக் கன மீட்டர் கணக்கில் பணம் உண்டு. முட்டுக் கொடுக்கும் வேலையை அதே விகிதத்துக்குள் அடக்கிவிட்டால், அதைச் செய்யாமல் விடுகிறவருக்கே இலாபம். பொதுப்பணித் துறையின் விகித அட்டவணையில் முட்டுக் கொடுத்தல் தனி இனமாகவே உள்ளது. அதை ஒவ்வொரு குழாய்ப் பணியின் மதிப்பீட்டிலும் தனியாகச் சேர்த்து, அளந்து, பணம் கொடுத்தல் வேண்டும். முட்டின்றி யாரையும் உள்ளே இறக்குவதில்லை என்று பணியை நிறுத்தும் அதிகாரம் களத்திலுள்ள இளம் பொறியாளருக்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும், மழை பெய்த பின்னரும், தகுதியுள்ள ஒருவர் சுவர்களைப் பார்வையிட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும்.

நெருக்கமான சாலைகளில் தெரு முழுவதையும் பிளக்காமல், இரு முனைகளில் மட்டும் குழி தோண்டி, இடையே குழாயை நிலத்துக்குள் தள்ளிச் செலுத்தும் முறையையும் இயன்ற இடங்களில் கையாளலாம். செலவு கூடும் என்று தோன்றினாலும், சாலைச் சீரமைப்பும் போக்குவரத்து இழப்பும் உயிரிழப்பும் சேர்ந்த கணக்கில் அது மிகையாகாது.

தெருவாசிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆளுயரத்துக்கு மேற்பட்ட பள்ளத்தில் முட்டோ ஏணியோ இன்றி ஒருவர் குனிந்து வேலை செய்வதைக் கண்டால், அது அன்றாடக் காட்சி என்று கடந்து போகலாகாது. அருகிலுள்ள நகராட்சி அலுவலகத்துக்கு அன்றே சொல்ல வேண்டிய செய்தி அது. பலகைகளும் குறுக்குச் சட்டங்களும் அரிய பொருள்கள் அல்ல. அவற்றை நிறுத்தும் வேலை ஒரு சில மணி நேரத்தில் முடியக்கூடியது. அடுத்த குழாய்ப் பள்ளம் தோண்டப்படுமுன் அவை அவ்விடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.